இரண்டு தட்டு வீட்டின் மூன்றாம் ஆள்

இந்தக் கதையில் யாரும் தோற்றுப்போக மாட்டார்கள் கண்ணுகளா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் கொஞ்சம் பயமாக இருக்கும். அப்போது இந்த வரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் உப்பு மூட்டை அடுக்கிய கிட்டங்கி ஒன்று இருக்கிறது. நம் கதை நடக்கிற நாளில், அதாவது நீங்களெல்லாம் வளர்ந்து உங்கள் பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருக்கப் போகிற நாளில், அது மாவட்ட எழுத்துக் காப்பகம். எத்தனை முறை வெள்ளையடித்தாலும் சுவரில் உப்புப் பூக்கும். காகிதங்களை மட்டும் கண்ணாடி அறைக்குள் வைத்துக் குளிரூட்டிக் காப்பாற்றிவருகிறார்கள்.

அங்கே ஒரு காலை நேரத்தில் அமலோற்பவம் வந்து இறங்கினாள். எண்பதைத் தாண்டியவள். ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் வயர் கூடை, கூடைக்குள் பிளாஸ்கில் காப்பி. காப்பகத்துக் காப்பி கழுநீர் மாதிரி இருக்கும் என்பது அவளுக்கு முன்பே தெரியும். ஏனென்றால் அங்கே பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்த காகிதங்களில் ஒரு வரிசை முழுக்க அவளுடையது. அவளுடையதும் பிரமுவினுடையதும்.

பிரமநாயகி, அமலோற்பவம். ஊர் வாயில் பிரமு, அமலி. 'தென்கரை' என்கிற மாலைப் பத்திரிகையில் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தார்கள். அந்தப் பத்திரிகை மூடியது, அடுத்ததும் மூடியது, காகிதத்தில் செய்தி வருவதே நின்றுபோனது. இருவரும் சேர்ந்து எழுதுவது மட்டும் நிற்கவில்லை. ஒரே வீட்டில் சேர்ந்தே குடியிருந்தார்கள். ஒருத்தி மேல் ஒருத்திக்கு இருந்தது காதல்தான். ஊர் அதற்குச் 'சிநேகிதம்' என்று பெயர் வைத்தது, 'வாடகையை மிச்சப்படுத்துறாளுக' என்றும் சொல்லிப் பார்த்தது. இவர்கள் அதைத் திருத்தப் போகவில்லை. ஊர்ச் செய்திகளைத் திருத்தவே நேரம் போதாமல் இருந்தார்கள்.

பிரமு போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது பிரமுவின் தம்பி மகன் மனுப் போட்டிருந்தான். அத்தை எழுதியதையெல்லாம் பிரித்து எனக்குத் தர வேண்டும் என்று.

அவன் பெயர் சிவசைலம். ஐம்பது வயதுக்காரன். பாளையங்கோட்டையிலிருந்து வந்து, அமலிக்கு முன்பே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான், கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் கையைப் பாதியில் நிறுத்தினான்.

"வாங்க மேடம்."

"மேடமா? சின்னப் புள்ளைல அமலி ஆன்ட்டின்னு கூப்பிட்டு மிட்டாய் வாங்கித் தின்ன வாய்தான அது?"

அவன் பதில் சொல்வதற்குள் அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். "அப்பா" என்று யாருக்கோ சொல்வதுபோல் முணுமுணுத்துவிட்டு அணைத்தான்.

எதிரே உட்கார்ந்திருந்தவள் பங்கீட்டு அதிகாரி ரஹ்மத் நிஷா. காயல்பட்டினத்துப் பெண். சிரிக்காமலே வேடிக்கை பேசுவாள். அவள் மேசைமேல் அரிசிப்பெட்டி அளவில் ஓர் எந்திரம் இருந்தது, பக்கத்தில் ஒரு பெரிய திரை.

"இங்க வர்ற எல்லாருக்கும் நான் சொல்றது இதான்" என்றாள் நிஷா. "இதுக்கு 'வகிடு'ன்னு பேரு. தலைல வகிடு எடுத்தா இந்த முடி இந்தப் பக்கம், அந்த முடி அந்தப் பக்கம். அது மாதிரி எழுத்துல இது எடுக்கும். கையெழுத்தைப் பாக்காது. டைப் அடிச்சிருந்தாலும் சரி, சொல்லி எழுத வச்சிருந்தாலும் சரி. ஒருத்தங்க எந்த வார்த்தைக்குப் பக்கத்துல எதை வைப்பாங்க, எங்க மூச்சு விடுவாங்க, எதைச் சொல்லாம விடுவாங்கன்னு பாத்து, இந்த வரி இவங்க மனசுல பிறந்தது, அது அவங்க மனசுலன்னு சொல்லிடும். சட்டம் உங்களுக்குத் தெரியும்லம்மா?"

"தெரியாமலா? அந்தச் சட்டம் வேணும்னு தலையங்கம் எழுதுனதே நாங்கதான்."

உண்மைதான் கண்ணுகளா. எந்திரங்கள் செத்தவர்கள் வாயில் இல்லாத பேச்சைத் திணிக்கத் தொடங்கிய காலம் ஒன்று வந்தது. ஒரு மனிதரை எரித்த மறுநாளே அவர் பெயரில் கடிதம் வந்தது, உயில் வந்தது. அப்போதுதான் எழுத்துரிமைச் சட்டம் பிறந்தது. ஒவ்வொரு வரியும் அதை எழுதிய ஆளுக்குச் சொந்தம். ஆள் செத்தால் ரத்த உறவுக்குச் சொந்தம். எழுதிய ஆள் யாரென்று காட்ட முடியாத எழுத்து எந்திர எழுத்து என்று கருதப்படும். எந்திர எழுத்தை அழிக்க வேண்டும். பிரமுவும் அமலியும் வரிந்துகட்டிக்கொண்டு ஆதரித்த சட்டம். அது ஒருநாள் தங்கள் வீட்டுக் கதவையே தட்டும் என்று அன்றைக்கு அவர்களுக்குத் தோன்றவில்லை.

"பிரிச்சா என்ன ஆகும்?" என்று அமலி கேட்டாள்.

"அவங்க எழுதினது சாருக்குப் போயிடும். இங்க இருக்கிற மூலத்துல அந்த இடமெல்லாம் கறுப்பாயிடும். நீங்க எழுதினது அப்படியே இருக்கும்."

"ஒரே பக்கத்துல மேல் வரி என்னது, கீழ் வரி அவளதுன்னா?"

"மேல் வரி தெரியும். கீழ் வரி கறுப்பு."

"பல்லு போன வாய் மாதிரி" என்றாள் அமலி. சிவசைலம் பக்கம் திரும்பினாள். "உனக்கு எதுக்குய்யா அது? நீ ஒரு நாள்கூட அதைப் படிச்சதில்லையே."

"படிக்க இல்ல. எனக்கு அத்தை பேசணும், அவ்வளவுதான். 'எதிரொலி'ன்னு ஒரு கம்பெனி இருக்கு. ஒருத்தங்க எழுதினதை எல்லாம் குடுத்தா அவங்களே பேசுற மாதிரி செஞ்சு குடுத்துருவாங்க. கேள்வி கேட்டாப் பதில் சொல்லும். எழுத்து இல்ல, வெறும் பேச்சுதாங்கதால சட்டம் தடுக்காதாம். ஆனா ஒரே ஆள் எழுத்தா இருக்கணுமாம். கலப்படம் கூடாதாம்."

"கலப்படம்" என்று அமலி திருப்பிச் சொன்னாள். "நான் கலப்படமாக்கும்."

"அந்த அர்த்தத்துல சொல்லல..."

"எந்த அர்த்தத்துல சொன்னாலும் காப்பியைக் குடி. ஆறிப்போகும்."

பிளாஸ்கிலிருந்து மூன்று பேருக்கும் ஊற்றினாள். நிஷா எந்திரத்தை முடுக்கினாள்.

முதல் பெட்டியின் தாள்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. பிரமுவுக்குப் பச்சை, அமலிக்கு நீலம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதிய செய்திகள் அவை. பச்சையும் நீலமும் பளிச்சென்று தனித்தனியாக நின்றன. பச்சை வரிகள் குட்டையாக, ஓடி வந்தவள் மூச்சு வாங்குகிற மாதிரி இருந்தன. நீல வரிகள் நீளமாக, காலை நீட்டி உட்கார்ந்தவள் பேசுகிற மாதிரி இருந்தன. ஓரங்களில் பச்சை நீலத்தைத் திட்டியிருந்தது: 'இதென்ன பிரசங்கமா?' நீலம் திருப்பிக் கொடுத்திருந்தது: 'நீ எழுதியது தந்தியா?'

அமலி அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். "அந்த வருஷம் பூரா சண்டைதான். பேசுற நேரத்தைவிட முறைக்கிற நேரம் கூட."

இரண்டாம் பெட்டியும் அப்படித்தான் போனது. மூன்றாவது பெட்டியின் பாதியில் நிஷா காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

திரையில் புதிதாக ஒரு நிறம் வந்திருந்தது. பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. மருதாணி பிடித்த கை மாதிரி ஒரு சிவப்பு. முதலில் ஒரு வரி. அடுத்த தாளில் ஒரு பத்தி. நான்காம் பெட்டிக்கு வந்தபோது தாளெல்லாம் சிவப்பு. ஐந்து, ஆறு, ஏழு, எல்லாமே சிவப்பு. தலையங்கம் சிவப்பு, கட்டுரை சிவப்பு, ஒருத்தி ஆஸ்பத்திரியில் இருந்தபோது மற்றவள் எழுதிய கடிதம் சிவப்பு, 'பால் நாளைக்கு வேண்டாம்' என்று எழுதிக் கதவில் ஒட்டிய துண்டுச் சீட்டுகூடச் சிவப்பு.

"இது என்னது?" என்றான் சிவசைலம்.

நிஷா எந்திரத்தை இன்னொரு முறை ஓட்டினாள். மறுபடியும் அதே சிவப்பு. அவள் குரல் இப்போது அதிகாரிக் குரலாக மாறியது.

"மூணாவதா ஒரு ஆள். வகிடு சொல்லுது, இதை எழுதினது பிரமநாயகியும் இல்ல, அமலோற்பவமும் இல்ல. வேற ஒரே ஆள். ரொம்ப வருஷமா அந்த ஒரே ஆள்தான் எழுதியிருக்காங்க."

சிவசைலம் திரைப் பக்கம் குனிந்தான். "அத்தைக்கு வேற யாரோ எழுதிக் குடுத்தாங்களா? அவார்டு எல்லாம் வாங்கினாங்களே!"

"மூணாவது ஆளா?" என்றாள் அமலி. "எங்க வீட்டுல ரெண்டு தட்டுதான்ம்மா. விருந்தாளி வந்தா எங்கள்ல ஒருத்தி வாழையிலைல சாப்பிடுவோம். மூணாவது ஆள் எங்க உக்காந்து எழுதுனான்?"

"சிரிக்கிற விஷயம் இல்லம்மா. அந்த ஆள் யாருன்னு காட்டலைன்னா இது எந்திர எழுத்துன்னு ஆயிடும்."

"எந்திரம் எழுதக் கத்துக்காத காலத்துத் தாளும்மா அது!"

"சட்டம் தேதியைப் பாக்காது, ஆளைத்தான் பாக்கும். பழைய தேதி யாரும் போட்டுக்கலாமே. ஒரு தடவை வகிடு திறந்தா அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள மூடியாகணும். இல்லைன்னா இந்தச் சிவப்பு எல்லாத்தையும் அழிக்க அனுப்பணும். என் கையில இல்ல."

"நான் அழிக்கக் கேக்கலயே!" சிவசைலம் எழுந்தே விட்டான். "நான் மனுவை வாபஸ் வாங்குதேன். இப்பவே வாங்குதேன்."

"திறந்த வகிடை வாபஸ் வாங்க முடியாது சார்."

ஒரு ஆயுள் காலத்து எழுத்து. உப்பளத்தில் கண் போனவர்களைப் பற்றி, கடலில் காணாமல்போன படகுகளைப் பற்றி, ஒரு ஊருக்கே தண்ணீர் வந்த கதையைப் பற்றி. நிறையப் பேருக்குத் தங்கள் அப்பன் பாட்டன் எப்படி வாழ்ந்தான் என்பதற்கு அந்தப் பெட்டிகளை விட்டால் சாட்சி இல்லை. சாயங்காலம் அது கூழாகிவிடும்.

அமலி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "அது நாங்கதான்மா."

"எப்படி?"

"எங்க வேலை எப்படின்னு சொல்லுதேன், கேளுங்க. பிரமுவுக்கு உக்காந்து எழுத வராது. ஓடுவா, பாப்பா, நியூஸ் கிடைச்ச எடத்துலேர்ந்தே எஸ்டிடி பூத்துக்குப் போய் எனக்கு அடிப்பா. எடுத்ததும் நியூஸ் சொல்ல மாட்டா. 'சாப்பிட்டியா? என்ன குழம்பு?' அதுக்குப் பதில் சொன்னாத்தான் மேட்டர். வெளில பூத்து வாசல்ல ஆள் நிப்பாங்க, மீட்டர் ஓடும், இவ குழம்பு விசாரிச்சிட்டு இருப்பா."

சிவசைலம் தன்னையறியாமல் சிரித்தான். "ஆமா. எங்கிட்டயும் அப்படித்தான். ஸ்கூலுக்குப் போன் பண்ணி 'என்ன குழம்பு'ம்பாங்க."

"அவ பாத்தவ. நான் பாக்காதவ. எங்களுக்குள்ள ஒரு முறை வச்சிருந்தோம். பாக்காதவ தொடங்கணும், பாத்தவ முடிக்கணும். படிக்கிறவங்களும் பாக்காதவங்கதான? அதனால முதல் வரி எப்பவும் நான் சொல்லுவேன், அவ சொன்னதைக் கேட்டு. கடைசி வரி அவ சொல்லுவா. நடுவுல ஒருத்தி சொல்லுறதை மத்தவ வாயால சொல்லிப் பாக்கணும். நாக்குல நிக்கலைன்னா அடிச்சிரணும். யாரு வார்த்தையா இருந்தாலும் சரி. பின்னால செல்போன் வந்துட்டு, ஒரே வீட்டுக்கும் வந்துட்டோம். அப்பவும் அடுப்படில நின்னு முன்னறைல இருக்கிற எனக்குப் போன் அடிப்பா. 'ஏளா, கத்தினாக் கேக்குமே'ம்பேன். 'நேர்ல சொன்னா எனக்கு வராதுட்டி'ம்பா."

நிஷா தலையசைத்தாள். "புரியுது. ஆனா சேர்ந்து எழுதினவங்க எத்தனையோ பேரை இது பிரிச்சிருக்கு. புருஷன் பொண்டாட்டி, அண்ணன் தம்பி, குருவும் சிஷ்யனும். பச்சையும் நீலமும் ஊடுபாவா ஓடும், அவ்வளவுதான். புதுசா ஒரு ஆள் வந்ததே கிடையாது. அது நீங்கதான்னு காட்ட முடியுமா? அவங்க இருந்தாலாவது ரெண்டு பேரையும் உக்கார வச்சு எழுதச் சொல்லலாம்."

"நான் இருக்கேன்ல?"

"நீங்க தனியா எழுதினா நீலமாத்தான் வரும்மா." நிஷா தயங்கினாள். "நீலம் வந்தா, அந்தச் சிவப்பு நீங்க இல்லைன்னு நீங்களே நிரூபிச்ச மாதிரி ஆயிடும். யோசிச்சுச் சொல்லுங்க."

பிரமு போன நாளிலிருந்து அமலி ஒரு வரிகூட எழுதியதில்லை. துக்கச் செய்தியைக்கூட வேறு யாரோ எழுதினார்கள். எதைத் தொடங்கினாலும் முடித்துக்கொடுக்க ஆளில்லை என்ற நினைப்பு வந்து கையைப் பிடித்துக்கொள்ளும்.

ஆனாலும் அவள் சொன்னாள்: "பேப்பர் குடும்மா."

தாளும் பேனாவும் வந்தன. "எதை எழுதுறது?"

"இங்க இப்ப நடக்கிற எதை வேணும்னாலும்."

அமலி அறையைச் சுற்றிப் பார்த்தாள். எந்திரம், திரை, உப்புப் பூத்த சுவர், கலங்கிப்போன சிவசைலம். பேனாவை வைத்துவிட்டாள். "முடியாது. இதை நான் பாத்துட்டேன். பாத்தவ தொடங்கக் கூடாது."

சிவசைலம் கண்ணை மூடிக்கொண்டான். அவ்வளவுதான், போயிற்று என்றுதான் அவன் நினைத்திருப்பான்.

அந்தச் சமயம் அவள் முதுகுக்குப் பின்னால், மூடிய ஜன்னலுக்கு வெளியே தெருவில் ஏதோ இரைச்சல். யாரோ ஒரு பெண் உச்சக் குரலில் கத்துகிறாள், பத்துப் பேர் சிரிக்கிறார்கள், ஏதோ எந்திரம் விட்டுவிட்டுக் கூவுகிறது.

"அந்த ஜன்னலைத் திறங்க" என்றாள் அமலி. "திறந்துட்டு, யாராவது ஒருத்தர் எட்டிப் பாத்து எனக்குச் சொல்லுங்க. நான் திரும்ப மாட்டேன்."

நிஷா எழப்போனாள். ஆனால் சிவசைலம் முந்திக்கொண்டான். ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினான்.

"ஒரு மீன்காரம்மா. ஆளில்லாம ஓடுமே, அந்தச் சரக்கு வண்டி, அது அவங்க கூடை மேல ஏறிட்டுப் போல. வண்டி நின்னுட்டு. அந்தம்மா முன்னால நின்னு அதைத் திட்டுதாங்க."

"எப்படித் திட்டுதா?"

"உன் அப்பன் யாருல, உன் ஆத்தா யாருலங்காங்க. அது 'வழி விடவும், வழி விடவும்'னு சொல்லுது."

"மீன் என்ன மீன்?"

"அது... தெரியலயே."

"மீன் தெரியாம என்ன நிருபர் நீ? நல்லாப் பாரு."

"சாளை. சாளைதான். ரோடெல்லாம் கிடக்கு."

அமலி பேனாவை எடுத்தாள். முதல் வரி தடங்கல் இல்லாமல் வந்தது. வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள், ஒரு சொல்லை அடித்தாள், மறுபடி சொல்லிப் பார்த்தாள். நடுவில் இரண்டு முறை, "ம், இது நாக்குல நிக்கலட்டி" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டாள். பிறகு ஊன்றுகோலைக்கூட எடுக்காமல் எழுந்தாள். மேசையைப் பிடித்து, நாற்காலியைப் பிடித்து, சிவசைலத்தின் தோளைப் பிடித்து ஜன்னலுக்கு வந்து நின்று, தெருவை நெடுநேரம் பார்த்தாள். பார்க்காதவள் இப்போது பார்த்தவள் ஆகிவிட்டாள். திரும்பி வந்து கடைசி வரியை நின்றுகொண்டே எழுதினாள். பிரமு எதையும் உட்கார்ந்து முடித்ததில்லை.

அவள் எழுதியது இது:

'திட்டு வாங்கிக்கொள்ள ஆளில்லாத வண்டியை ஒரு பெண் திட்டிக்கொண்டிருக்கிறாள். வண்டி வழி கேட்கிறது. அவள் நஷ்டஈடு கேட்கிறாள். இரண்டு பேருக்கும் மற்றவர் பேச்சு புரியவில்லை. சாலையில் சாளை மீன் சிதறிக் கிடக்கிறது, தெருவே சிரிக்கிறது, அவள் சிரிக்கவில்லை. யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்று தெரியாத காலத்தில் நாம் வாழ்கிறோம் என்று அவளுக்கு நம்மைவிட முன்பே தெரிந்திருக்கிறது. வண்டி நகரவில்லை. அவள் அதன் நிழலில் உட்கார்ந்து மிச்ச மீனை விற்கத் தொடங்கிவிட்டாள்.'

நிஷா தாளை வாங்கி எந்திரத்துக்குள் கொடுத்தாள்.

திரையில் எழுத்துகள் முதலில் சாம்பல் நிறத்தில் நின்றன. எந்திரம் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது. அமலி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முதல் சொல்லின் ஓரத்தில் ஒரு நிறம் கசிந்தது. அது நீலம் இல்லை. இரண்டாம் சொல், மூன்றாம் சொல் என்று மருதாணி பிடிப்பது மாதிரி வரி வரியாக ஏறி, கடைசி முற்றுப்புள்ளி வரைக்கும் சிவந்துவிட்டது. ஒரு சொல்கூட நீலம் இல்லை. ஒரு சொல்கூடப் பச்சை இல்லை.

அமலிதான் முதலில் பேசினாள். சத்தமாகக்கூட இல்லை.

"ஏளா பிரமு. இங்கனயா இருக்க?"

ரஹ்மத் நிஷா எழுந்து நின்றாள். பங்கீட்டு அதிகாரிகள் யாருக்கும் எழுந்து நிற்கிற வழக்கமில்லை.

"அந்த மூணாவது ஆளைப் பாத்தாச்சு" என்றாள். "இதே ரூம்ல, என் கண் முன்னால எழுதினாங்க. எந்திரம் இல்ல, மனுஷி. அழிக்கிற பேச்சே இல்ல." பிறகு சிவசைலம் பக்கம் திரும்பினாள். "அதோட இன்னொண்ணும் சார். உயிரோட இருக்கிற ஆள் எழுத்துக்கு வாரிசு கிடையாது. இந்தச் சிவப்பை எழுதினது யாரோ, அவங்க உயிரோட இருக்காங்க. அதனால பங்கு வைக்கவும் முடியாது. உங்களுக்கு வேணும்னா முதல் மூணு பெட்டியில இருக்கிற பச்சை மட்டும் கிடைக்கும்."

"வேண்டாம் மேடம்" என்றான் அவன் உடனே. "அது சண்டை போட்ட வருஷம். அதைப் பிரிச்சா ஒரு பாதித் திட்டுதான் மிஞ்சும்."

அமலி அவனை முதல்முறையாக நல்லபடியாகப் பார்த்தாள்.

"ஒரு வேலை பாக்கி" என்றாள் நிஷா. "புது ஆளைப் பதிவு பண்ணணும். பேரு கேக்குது. என்ன பேரு போட?"

அமலி யோசிக்கவேயில்லை. "நமது நிருபர்."

"என்னம்மா?"

"தென்கரைல பொம்பளைங்க பேரைப் போட மாட்டாங்க. நாங்க என்ன எழுதினாலும் மேல 'நமது நிருபர்'னுதான் வரும். அப்ப அவ்வளவு கோவம் வரும் எங்களுக்கு. அப்புறம் வேற பேப்பர்ல பேரு போட முன்வந்தாங்க, ஆனா ஒரு பேருதான் போடுவோம்னுட்டாங்க. வெளில போறவ அவதான? அவ பேரு வந்துட்டு. அவார்டும் அவளுக்கு. அவார்டு வாங்கிட்டு வந்து ராத்திரி பூரா அழுதா. 'நமது நிருபராவே இருந்திருக்கலாம்ட்டி, அதுல நீயும் இருந்த'ன்னு."

நிஷா அந்தப் பெயரைப் பதிந்தாள். பெட்டிகள் இருக்கிற கண்ணாடி அறையில், நான்காம் பெட்டியிலிருந்து வரிசையாக எல்லாப் பெட்டிகளின் முகப்பிலும் அந்தப் பெயர் ஒளிர்ந்தது. உப்புப் பூத்த அந்தக் கிட்டங்கிக்கு அன்றைக்குக் கல்யாண வீட்டுக் களை வந்துவிட்டது என்று நிஷா பிற்பாடு பலபேரிடம் சொன்னாள். அந்தச் சட்டத்தில் பிற்பாடு 'சேர்ந்து பிறந்த எழுத்து' என்றொரு பிரிவு வந்தது, அதற்கு முதல் சாட்சி இந்தப் பெட்டிகள்தான்.

இதோடு கதை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். சிவசைலத்தின் போன் மறுபடி அடித்தது.

இந்த முறையும் அவன் அணைக்கப் போனான். அமலி கேட்டாள்: "காலைலேர்ந்து உங்க அப்பா ஏன்யா இத்தனை தடவை கூப்பிடுதாரு?"

அவன் குனிந்துகொண்டான். "அவருக்கு ஞாபகம் தப்பிட்டு. எந்திரிச்சதும் 'அக்கா எங்க'ங்காரு. செத்துட்டாங்கன்னு சொன்னா, அன்னைக்குத்தான் செத்த மாதிரி அழுதாரு. மறுநாள் திரும்பவும் கேக்காரு. அதான்... பேசுற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுத்தா... வேற எதுக்கும் இல்ல."

அமலிக்கு அந்தத் தம்பியை நன்றாகத் தெரியும். பெயர் நயினார். அவன் கல்யாணத்துக்கு இருவரும் சேர்ந்து போனபோது மண்டபத்து வாசலிலேயே மறித்து, "நீ மட்டும் வாரதுன்னா வா. அவளோட வாரதுன்னா வராத" என்று அக்காவிடம் சொன்னவன். பிரமு திரும்பி வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படியை அவள் மிதித்ததே இல்லை. மருமகனைக்கூடப் பள்ளிக்கூட வாசலில்தான் பார்த்தாள்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அமலி கையை நீட்டினாள். சிவசைலம் கொடுத்தான்.

"சாப்பிட்டியா?" என்றாள் அமலி. "என்ன குழம்பு?"

எதிர்முனையில் ஒரு கிழட்டுக் குரல், சின்னப் பையன் குரலாக மாறி, "அக்கா?" என்றது.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். ஆனால் ஆயுள் முழுக்கப் பொய்ச் செய்தி போடாதவள் அவள்.

"அக்கா இல்லய்யா நயினாரு. அமலி பேசுதேன்."

சிவசைலம் போன் பக்கமாகச் சாய்ந்து காதைக் கொடுத்தான்.

"அக்கா உன் கூட இருக்காளா?" என்று கேட்டது அந்தக் குரல்.

அமலி திரையைப் பார்த்தாள். அவள் எழுதிய பத்தி முதல் சொல்லிலிருந்து கடைசிப் புள்ளி வரை சிவந்து நின்றது. இதில் பொய் எதுவும் இல்லை.

"இருக்கா" என்றாள்.

"அப்ப ரெண்டு பேருமா வாங்க. சோறு வடிக்கச் சொல்லுதேன்." பிறகு யாரிடமோ வீட்டுக்குள் திரும்பிச் சத்தம் போட்டது அந்தக் குரல்: "ஏ, அவங்க வாராங்க! ரெண்டு தட்டு எடுத்து வைங்க!"

"வாரோம்" என்றாள் அமலி.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நிஷா பிளாஸ்கைக் கழுவி வயர் கூடையில் வைத்தாள். சிவசைலம் கூடையைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, மறு கையை அவளுக்கு நீட்டினான்.

"வாங்க அத்தை" என்றான்.

அவர்கள் தெருவுக்கு வந்தபோது மீன்காரம்மாவின் கூடை காலியாகியிருந்தது. அவள் வண்டியின் முன்னாலிருந்து எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, அதைப் பார்த்து, "போ, பாத்துப் போ" என்றாள். வண்டி போயிற்று.